யாரும் கத்தாத திங்கட்கிழமை

போன வாரம் உங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த நிவேதா எனக்குப் போன் செய்தார். ஓய்வு பெற்றவன் நான்; வேலை நாளில் ஆபீஸிலிருந்து போன் வந்தால், எது விழுந்ததோ, யார் என் பெயரை இழுத்தார்களோ என்றுதான் முதலில் தோன்றும்.

"சார், பிரச்சினை ஒண்ணும் இல்ல. ஒரே ஒரு டவுட்டு. கேட்வேல வெறும் போன் நம்பரையே பேரா வெச்சு ஒரு கீ இருக்கு. ஒரு நாளைக்கு அஞ்சு கால்தான் வருது. ஓனர்னு இன்னும் உங்க பேருதான் இருக்கு. க்ளீனப்ல எடுத்துடலாமா?"

"எடுக்காதீங்க!" என்றேன். என்னை அறியாமல் குரல் உயர்ந்துவிட்டது. பாவம், அந்தப் பெண் பயந்துபோய் இரண்டு முறை சாரி சொன்னார். சாரி சொல்ல வேண்டியவன் நான். காரணத்தைப் போனில் விளக்க முயன்றேன், வாய் குளறியது. அதனால் எழுதுகிறேன். நிவேதாவுக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான் என்றாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கம்பெனியின் வேலை, ஆஸ்பத்திரிகளுக்கும் லேப்களுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் நடுவே தகவலைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. ஒரு மென்பொருள் இன்னொரு மென்பொருளிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஜன்னலுக்குப் பெயர்தான் ஏபிஐ. நான் சேர்ந்த காலத்தில் அப்படி ஏகப்பட்ட ஜன்னல்கள் திறந்து கிடந்தன. யார் எந்த ஜன்னலில் வந்து எதை வாங்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவருக்கும் முழுதாகத் தெரியாது. ஒன்று அடைத்துக்கொண்டால் நாலு பேர் நாலு பக்கம் ஓடுவோம்.

பிறகுதான் ஏபிஐ மேலாண்மைக்கென்று அந்தப் பெரிய பிளாட்ஃபார்மை வாங்கினார்கள். எல்லா ஜன்னல்களையும் மூடிவிட்டு ஒரே வாசல். அதுதான் கேட்வே. உள்ளே வர ஒவ்வொருவருக்கும் ஒரு கீ, அதாவது சாவி போன்ற ஒரு ரகசியக் குறியீடு. யார் எத்தனை முறை வந்தார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், யாரைத் திருப்பி அனுப்பினோம், எல்லாம் ஒரே திரையில். முதல் நாள் அந்தத் திரையைப் பார்த்தபோது எனக்குக் கண்ணாடி மாற்றிப் போட்டதுபோல இருந்தது. அதைக் குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அது இல்லாமல் இன்றைக்கு ஒரு நாள்கூட ஓட்ட முடியாது.

ஒரு முறை காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் செயலியில் ஏதோ கோளாறு. ஒரே கேள்வியை நிறுத்தாமல் ஆயிரக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆஸ்பத்திரிகளில் டாக்டர்களின் திரை உறைந்துவிட்டது. நான் கேட்வேயைத் திறந்து, அந்த ஒரு கீக்கு மட்டும் நிமிடத்துக்கு இத்தனைதான் என்று வரம்பு போட்டேன். இரண்டே நிமிடம், எல்லாம் நகர ஆரம்பித்தது. ஆபீஸில் கை தட்டினார்கள். அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தேன்.

எங்கள் மேனேஜர் மட்டும் கை தட்டவில்லை. மண்டியா ஊர்க்காரர். தமிழை எங்களிடமிருந்துதான் பொறுக்கிக்கொண்டார், பதற்றம் வந்தால் நடுவில் கன்னடம் எட்டிப் பார்க்கும். "நல்லா செஞ்சே. ஆனா ஒரே க்ளிக்ல நிறுத்த முடியுதுன்னு ரொம்ப சந்தோஷப்படாதே" என்றார். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். அப்போது எனக்கு அவ்வளவுதான் புத்தி.

அடுத்த சில மாதங்களில் பாதுகாப்புத் தணிக்கை வந்தது. உரிமையாளர் யாரென்று தெரியாத கீ எதுவும் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டுப் போனார்கள். நியாயமான பேச்சுதான். நம்மிடம் அப்படி அறுபத்துச் சொச்சம் இருந்தன. பெயர்களைப் பார்த்தால் உங்களுக்கே சிரிப்பு வரும். டெஸ்ட், டெஸ்ட்-2, டெம்ப், நியூ, நியூ-நியூ. நம் ஆட்களின் பழக்கம் அப்படி. சும்மா சோதனைக்கென்று ஒரு கீ எடுப்போம், வேலை செய்துவிட்டால் அதையே வைத்து ஓட்டிவிடுவோம். பெயர் மாற்ற நேரம் ஏது?

அந்தப் பட்டியலைத் துடைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. விதிப்படிதான் செய்தேன். ஒவ்வொரு கீயிலும் பதிவாகியிருந்த மின்னஞ்சலுக்கு எழுதி, பதினைந்து நாள் காத்திருந்தேன். பாதிப் பேர் பதில் போட்டார்கள். மீதியில் பலர் வேலையை விட்டே போயிருந்தார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் பெட்டிகள் மட்டும் மூடப்படாமல் என் கடிதங்களைச் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டன.

பதில் வராதவற்றுக்கு எங்கள் துறையில் காலங்காலமாக ஒரு வழி உண்டு. அணைத்துவிட்டு யார் கத்துகிறார்கள் என்று பார்ப்பது. எங்கள் குழுவில் அதற்குப் பெயரே 'கத்தட்டும், பார்ப்போம்' என்பதுதான். கத்தினால் திரும்பக் கொடுப்போம், கத்தாவிட்டால் யாருக்கும் வேண்டாதது என்று அர்த்தம். நீங்களும் இதைச் செய்திருப்பீர்கள், மறைக்க வேண்டாம்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணி. எல்லோரும் ஆபீஸில் இருப்பார்கள், கத்த வசதியாக இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பட்டியலை அழைப்பு எண்ணிக்கைப்படி அடுக்கியிருந்தேன். அடியில் கிடந்தது டெஸ்ட்-2, ஒரு நாளைக்கு ஐந்து அழைப்பு. மற்ற கீகளெல்லாம் லட்சங்களில் ஓடும்போது ஐந்து எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. அதோடு சேர்த்துப் பன்னிரண்டு கீகளை ரத்து செய்துவிட்டு காபி குடிக்கப் போனேன்.

பன்னிரண்டு மணிக்குப் பார்த்தேன். கேட்வேயின் கண்காணிப்புத் திரையான டாஷ்போர்டு முழுக்கப் பச்சை. ஒரு மணிக்கும் பச்சைதான். யாரும் கத்தவில்லை. தயிர் சாதத்தை நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஒன்று நாற்பதுக்கு என் போன் அடித்தது. ஸ்டெல்லா சிஸ்டர். ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்தின் தலைமை நர்ஸ். வீடும் அங்கேயேதான், மூன்று தலைமுறையாக. அதற்கு ஒரு வருடம் முன்பு அவருடைய மையத்துக்கு ஒரு டேப்லெட் கொண்டுபோய் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். ரத்தப் பரிசோதனையில் ஆபத்தான எண் ஏதாவது வந்தால் லேபிலிருந்து நேராக அந்த டேப்லெட்டில் எச்சரிக்கை அடிக்கும். சிஸ்டர் உடனே அந்த நோயாளியைக் கூப்பிடுவார். என் நம்பரை அவர் 'அலர்ட் சார்' என்று பதிந்துவைத்திருந்தார்.

"அலர்ட் சார், இன்னிக்கு உங்க டப்பா வேலை செய்யுதா?"

"எல்லாம் பச்சையா இருக்கு சிஸ்டர். ஏன்?"

"காலைலேர்ந்து ஒண்ணுகூட அடிக்கல."

"நல்லதுதானே சிஸ்டர்? எல்லாருக்கும் நார்மல்னு அர்த்தம்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னா சார் பேசறீங்க? இன்னிக்குத் திங்கக்கிழமை! ஞாயித்துக்கிழம ஆனா பிரியாணி, பழம், எளநீர்னு எல்லாத்தயும் ஒரு கை பாத்துட்டு வருவாங்க. கிட்னி வேலை செய்யாதவங்களுக்குப் பொட்டாசியம் எகிறிப் போயிடும். பதிமூணு வருஷமா பாக்கறேன், திங்கக்கிழமைல ஒருத்தருக்காவது எகிறாம இருந்ததில்ல. நீங்க பச்சைய வெச்சுக்கினு இருங்க. எனுக்குப் பயமா இருக்குது சார்."

அந்த நொடியில் எனக்கு டெஸ்ட்-2 ஞாபகம் வந்தது. ஒரு நாளைக்கு ஐந்து. சிஸ்டரின் டேப்லெட்டிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் அடிக்கும்; அதை மாட்டியது நான் என்றாலும் அதன் கீயை எடுத்தது வேறொருவர். "பாத்துட்டு அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன் சிஸ்டர்" என்று சொல்லிவிட்டு கேட்வேயின் பதிவுகளைத் தேடினேன். மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. டெஸ்ட்-2: 11.52, 12.31, 1.05. மூன்று முறையும் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பியிருந்தது.

அதை ஏன் டாஷ்போர்டு சிவப்பாகக் காட்டவில்லை என்று கேட்பீர்கள். வாசல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. செல்லாத கீயோடு வந்தவனை உள்ளே விடாதே என்று நான் சொன்னேன், விடவில்லை. அதன் கணக்கில் அது வெற்றி. லேபின் மென்பொருளோ, போகவில்லை என்று தன் டைரியில் எழுதிவைத்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டது. கத்த வேண்டிய இரண்டும் கத்தவில்லை. எச்சரிக்கை வராத டேப்லெட்டும், எல்லோரும் நன்றாக இருக்கும் நாளின் டேப்லெட்டும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

வெட்கத்தை விட்டு இன்னொன்றையும் சொல்கிறேன். அப்போது என் மனதில் முதலில் ஓடியது நோயாளிகள் அல்ல. கீயை யாருக்கும் தெரியாமல் திரும்பப் போட்டுவிட்டு, 'நெட்வொர்க் கொஞ்சம் ஸ்லோ சிஸ்டர்' என்று பூசி மெழுகிவிடலாமா என்றுதான் ஓடியது. ஆனால் அந்தப் பிளாட்ஃபார்மில் ரத்து செய்த கீ திரும்பாது. புதிதாக ஒன்று எடுத்து, அதை லேப் மென்பொருளில் அவர்களுடைய ஆளைக் கொண்டு போட வேண்டும். அவரைத் தேடி நான் போனைக் கையில் எடுத்தபோது மேனேஜர் என் பின்னால் வந்து நின்றார். என் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

"என்ன ஆச்சு?"

சொன்னேன். பாதியிலேயே கையை உயர்த்தி நிறுத்தினார்.

"ரிப்பேரெல்லாம் ஆமேலே. மொதல்ல அந்த மூணு ஜன யாரு, அதப் பாரு."

ஆமேலே என்றால் அப்புறம். முதலில் ஆட்களைத் தேட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இயந்திரத்தைச் சரிசெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று இருபது வருடமாகப் பழகிய மூளை. கீயைத் திரும்பப் போட்டால் அடுத்த எச்சரிக்கை போகும். போகாமல் போன மூன்றும் போனதுதான். வாசல் எந்த நிமிடத்தில் திருப்பி அனுப்பியது என்று அச்சுப் பிசகாமல் சொல்லும், யாரைப் பற்றிய செய்தி என்று சொல்லாது. நோயாளியின் விவரத்தை அது வைத்துக்கொள்ளக் கூடாது என்று அமைத்ததும் நாங்கள்தான்.

லேபைக் கூப்பிட்டு அந்த மூன்று நேரங்களையும் சொன்னேன். அங்கிருந்த டெக்னீஷியன் ஒவ்வொன்றாகப் பார்த்துப் படித்தார். முதல் இருவரும் மையத்தில்தான் படுத்திருந்தார்கள், ஏற்கெனவே டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது பெயர் பெருமாள். பொட்டாசியம் ஏழைத் தாண்டியிருந்தது. எனக்கு அந்த எண்ணின் அர்த்தம் தெரியாது. சிஸ்டரைக் கூப்பிட்டு, எச்சரிக்கையை நிறுத்தியது நான்தான் என்பதோடு இதையும் சொன்னேன்.

"அய்யோ, அவுரா?" என்றார். "அவுருக்கு நாளைக்குத்தான் டயாலிசிஸ். காலைல ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போயிட்டாரு. இந்த லெவல்ல எந்த நிமிஷமும் ஹார்ட் நின்னுடும் சார்."

"போன் பண்ணுங்க சிஸ்டர்."

"பண்ணுறேன். ஆனா சார், அவுரு ஸ்கூல் வேன் ஓட்டறாரு. மூணு மணிக்குப் புள்ளைங்கள ஏத்துவாரு."

அப்போது மணி இரண்டு பதினேழு.

பெருமாளின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சிஸ்டர் அவருடைய மனைவியைப் பிடித்தார். ஜோகுபாளையத்தில் வீடு, அந்த அம்மா வேலைக்குப் போயிருந்தார். பள்ளி அல்சூரில் என்பதும் அதன் பெயரும் தெரிந்தது. பள்ளியின் நம்பர் விடாமல் பிஸி. எங்கள் ஆபீஸ் ஓல்ட் மெட்ராஸ் ரோட்டில். மேனேஜர் என் பையைக் கையில் திணித்தார். "நீ போ. லேப் ஆளோட நான் பேசறேன். ஹோகு!"

ஆட்டோவில் ஏறினேன். அந்த நேரத்து நெரிசல் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு சிக்னலிலும் நான் போனைப் பார்ப்பதைக் கண்ணாடியில் கவனித்த ஆட்டோக்காரர், "என்னா சார், ஆஸ்பத்திரியா?" என்றார். "இன்னும் இல்ல" என்றேன். அவர் சந்துகளுக்குள் புகுந்து ஓட்டினார்.

பள்ளியின் பின்பக்கத் தெருவில் ஏழெட்டு வேன்கள் வரிசையாக நின்றன. வாட்ச்மேன் கடைசி வண்டியைக் காட்டினார். டிரைவர் சீட்டைச் சாய்த்துப் போட்டு ஒருவர் படுத்திருந்தார். கண்கள் மூடியிருந்தன. ஜன்னலைத் தட்டினேன், அசைவில்லை. இன்னொரு முறை தட்டினேன், இல்லை. என் வாழ்நாளில் அந்தச் சில நொடிகளை மட்டும் யாராவது எடுத்துக்கொண்டால் தேவலை. மூன்றாவது முறை உள்ளங்கையால் ஓங்கி அடித்தேன். அவர் மெதுவாகக் கண்ணைத் திறந்தார்.

"யாரு சார்?"

"பெருமாள்தானே? ஸ்டெல்லா சிஸ்டர் அனுப்பினாங்க. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"எனுக்கு ஒண்ணும் இல்ல சார். காலுதான் மரத்துப் போன மாதிரி இருக்குது. கொஞ்சம் படுத்தேன்." போனை சைலன்ட்டில் போட்டு சார்ஜில் வைத்திருந்தார். "மூணு மணிக்குப் புள்ளைங்க வெளிய வந்துடும். இறக்கி உட்டுட்டு வர்றேன்."

"வேணாங்க. இப்பவே."

"பதினாலு புள்ளைங்க சார். ரோட்ல நிக்குமே?"

வாட்ச்மேன் உள்ளே ஓடிப்போய் ஒரு டீச்சரை அழைத்து வந்தார். பெற்றோர்களைத் தாங்கள் கூப்பிட்டுக்கொள்வதாக அந்த டீச்சர் சொன்ன பிறகுதான் பெருமாள் சாவியைக் கழற்றினார். இறங்கும்போது கால் நிற்கவில்லை. அதே ஆட்டோவில் ஏற்றினோம். வழியெல்லாம் அவர் தலை என் தோளில். மூச்சு வருகிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தேன். அல்சூர் ஏரியைத் தாண்டும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"கம்பெனிலேர்ந்து நேர்லயே வந்துட்டீங்களே சார். இந்தக் காலத்துல யாரு வருவாங்க? ரொம்ப தேங்க்ஸ் சார்."

ஆட்டோக்காரரை இன்னும் வேகமாகப் போகச் சொன்னேன்.

சிஸ்டர் சொன்ன ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சி வாசலில் அவரே ஸ்ட்ரெச்சரோடு நின்றார். உள்ளே கொண்டுபோன பத்து நிமிடத்தில் டாக்டர் வெளியே வந்து, இசிஜி மாறிவிட்டது, இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார். நான் நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். மணி மூன்று இருபது. வேன் ஓடியிருந்தால் அந்த நேரத்துக்கு எந்தத் தெருவில் இருந்திருக்கும் என்று மனது வரைபடம் போட்டுக்கொண்டே இருந்தது. இன்றைக்கும் பள்ளி வேன் ஒன்று பக்கத்தில் போனால் நான் டிரைவரின் முகத்தைத்தான் பார்க்கிறேன்.

பெருமாள் பிழைத்தார். இரண்டு வாரம் கழித்து அவருடைய டயாலிசிஸ் நாளில் மையத்துக்குப் போய், கட்டிலருகே நின்று உண்மையைச் சொன்னேன். எச்சரிக்கையை நிறுத்தியது நான்தான் என்றேன்.

"சிஸ்டர் அன்னிக்கே சொல்லிட்டாங்க சார். நீங்களா வந்து சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன்." பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "வேன் வேலைய உட்டுட்டேன். பொஞ்சாதி என் கையத் தன் தலைல வெச்சு சத்தியம் வாங்கிட்டா."

அவர் என்னை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

மேனேஜர் என்னை வேலையை விட்டு அனுப்புவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அனுப்பவில்லை. மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், 'கத்தட்டும், பார்ப்போம்' முறையை இத்தனை நாள் அனுமதித்தது தன் தவறு என்று தன் பெயரை முதலில் போட்டு, என் பெயரை இரண்டாவதாகப் போட்டார். அதன் பிறகுதான் இப்போது நீங்கள் பின்பற்றும் விதி வந்தது. மின்னஞ்சலுக்குப் பதில் வராவிட்டால் கீயின் மறுமுனையில் இருக்கும் ஒரு மனிதரோடு வாய் திறந்து பேச வேண்டும், பேசாமல் எதையும் அணைக்கக் கூடாது. வேலை மெதுவாகிறது என்று நீங்கள் அலுத்துக்கொள்வது என் காதுக்கும் வருகிறது. அலுத்துக்கொள்ளுங்கள், ஆனால் பேசுங்கள்.

புது கீக்கு என்ன பெயர் வைப்பது என்று சிஸ்டரிடமே கேட்டேன். "என்னமோ ஒண்ணு வைங்க சார். தொடறதுக்கு மின்னாடி என்னக் கூப்பிடணும், அவ்ளோதான்" என்றார். அதனால் அவருடைய மையத்தின் போன் நம்பரையே பெயராக வைத்தேன். பெயர் வைக்கும் விதிகளுக்கு அது முரண் என்று எனக்கும் தெரியும், நிவேதா.

உங்களிடம் எடுக்காதீர்கள் என்று கத்திய பிறகு எனக்கே ஒரு பயம் வந்துவிட்டது. இத்தனை வருடத்தில் லேப் மாறியிருக்கலாம், டேப்லெட் மாறியிருக்கலாம். அந்த ஐந்து அழைப்பும் யாரும் பார்க்காத இடத்துக்குப் போகின்றனவோ, நான் வெறும் கீயைக் கட்டிக் காக்கிறேனோ என்னவோ? நேற்று திங்கட்கிழமை. மத்தியானம் வரை பொறுத்திருந்து அந்த நம்பரைச் சுழற்றினேன். நாலைந்து முறை மணி அடித்த பிறகு அதே குரல் எடுத்தது. கொஞ்சம் தளர்ந்திருந்தது, ஆனால் அதே குரல்.

"சிஸ்டர், நான்தான். இன்னிக்கு எத்தனை அடிச்சுது?"

"நாலு சார்" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் அவர் குரல் மாறிவிட்டது. "ஏன் சார் கேக்கறீங்க? எதையாவது நிறுத்தப் போறீங்களா?"